புதுநூலும் முதுகுச்சீட்டும்

ஒரு கலாசாலையின் மேன்மையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்பார் பலர். அதன் நூல்நிலையத்தைக் கொண்டு அளப்பார் சிலர். அச்சிலரும், ஆண்டுதோறும் எத்தனை நூல்கள் வாங்கப்பெற்றன என்னும் கணக்கோடு அமைந்துவிடுகின்றனர். வாங்கிய நூல் வாசிப்போர் கைக்கு எட்டிற்றா என்று வினவுவார் அரியர். அவ்வினாவிற்குரிய விடை, நூலின் முதுகில் ஒட்டப்பெறும் சிறு சீட்டில் அடங்கியுள்ளது என்பதே எமது கருத்து.

கடையினின்றும் வந்த நூல் உடனே அலமாரியில் ஏறுவதில்லை. தாள்கள் குறைவின்றி உள்ளனவா என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும். பின்னர் வரவுப் பதிவேட்டில் அதற்கொரு தொடரெண் இடப்பெறும். முகப்புத் தாளிலும், உள்ளே குறித்ததொரு பக்கத்திலும் முத்திரை பதிக்கப்பெறும். நூற்பொருளைத் தேர்ந்து வகுப்பெண் அளித்து, அதனோடு ஆசிரியர் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து முதுகுச்சீட்டில் எழுதுவர். இறுதியில் தேதித்தாள் ஒட்டப்பெறும். இவற்றுள் முத்திரையும் தேதித்தாளும் கைவேலை. வகுப்பெண்ணும் பெயரும் அறிவுவேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதி, யாரேனும் செய்யலாமென விட்டுவிடுவதினாலேயே கேடு விளைகின்றது.

பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். மேனாட்டார் பெயரில் பெரும்பாலும் ஈற்றில் நிற்பது குடும்பப் பெயர்; ஆகவே ஈற்றுச் சொல்லின் கீழ்ப் பதிவது அவர்க்குப் பொருந்தும். அம்முறையை நம்மவர்க்கும் அப்படியே கொண்டால், 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 'பிள்ளை' என்னும் சொல்லின் கீழ் வேறு பல பிள்ளைமாரோடு கலந்து மறைந்துபோவார். முதலெழுத்தைக் கொண்டாலோ, உ. வே. சாமிநாதையர் தம் பெயரை இழந்து, உத்தமதானபுரம் என்னும் தம் ஊரின் 'உ'கரத்தில் ஒதுங்குவார். புதுமைப்பித்தன் நூல்களுள் சில அப்புனைபெயரின் கீழும், சில விருத்தாசலம் என்னும் இயற்பெயரின் கீழும் பதியப்பெறின், ஓராசிரியர் இருவராகிவிடுவர். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை ஒரு நூல்நிலையத்தில் யாம் கேட்டபொழுது இல்லையென்று விடை வந்தது. வேறொரு நூலைத் தேடுகையில் அதுவே வேறிடத்தில் அகப்பட்டது. இல்லாத நூலை வாங்கிவிடலாம். இருந்தும் இல்லாத நூலை என் செய்வது?

எண்ணிலும் இவ்விடரே. மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசாம்ச வகுப்பு முறையில் ஆங்கிலப் புனைகதைக்கு 823 என்னும் மூன்று இலக்கங்கள் போதும். தமிழ்ப் புனைகதைக்கோ 894.8113 என ஏழு இலக்கங்கள் வேண்டும். தமிழிலக்கியம் 894.811, மலையாளம் 894.812. ஓரிலக்கம் பிழைத்தால் தமிழ் நாவல் மலையாளத்திற்குக் குடிபெயர்ந்துவிடும். மேலும், ஆங்கில நூல்கள் பலவற்றில் வகுப்பெண் அச்சிடப்பெற்றே வருகின்றது. தமிழ் நூல்களில் அது அருமை. ஆகவே ஆங்கில நூல் முந்தி ஏற, தமிழ் நூல் மேசையடியிற் காத்துக் கிடக்கின்றது.

கணிப்பொறி இருக்கையில் இக்கவலை எதற்கு என்பர் சிலர். கணிப்பொறி, தனக்கு ஊட்டியதையே திருப்பித் தரும். பிழையாகப் பதிந்த பெயரை அது பிழையாகவே காக்கும். இத்துணை நுணுகி நோக்கின் காலம் கழியுமே என்பர் வேறு சிலர். இது தக்க தடையே. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று, கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராய் அமர்ந்த சீ. இரா. அரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தற்குரியன என்பது; நான்காவது, வாசிப்போனது காலத்தைச் சேமிக்க என்பது. மூன்று திங்கள் சீட்டின்றிக் கிடக்கும் நூல் முதல் விதிக்கு மாறு. பிழையான சீட்டோடு விரைந்தேறும் நூல் நான்காம் விதிக்கு மாறு.

இரண்டிற்கும் பரிகாரம் ஒன்றுண்டு. தமிழ் கற்கும் மாணாக்கர் சிலர், வாரத்திற்கு ஒரு மணி நேரம், நூலகரின் மேற்பார்வையில் இப்பணிக்கு முன்வருக. ஆசிரியர் பெயரைத் தமிழெழுத்திலேயே பதிக. இயற்பெயர், புனைபெயர் இரண்டையும் ஒன்றிற்கொன்று சுட்டி வைக்க. ஐயமுள்ளவிடத்துத் தமிழாசிரியரை வினவுக. கலாசாலையும் இதனைக் கடைநிலை ஊழியமென்று எண்ணாது, கல்வியின் ஒரு கூறாகவே மதித்தல் வேண்டும்.

தான் ஒருகாலும் காணாத ஒருவன் வந்து தேடுவான் என்று நம்பி, அவனுக்காக ஒரு பெயரைப் பிழையற எழுதி வைப்பதும் பிறர்க்குரிய தொண்டேயாகும். அத்தொண்டில் தவறுவோமாயின், நூலை வாங்கியும் மறைத்தவராவோம்.