தொடுவெட்டித் தெரு யாருக்கு?

தோழனே!

மார்த்தாண்டம் கடைவீதியை நீ அறிவாய். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையே அவ்வூருக்குக் கடைத்தெருவும் ஆயிற்று. துணிக்கடையும் நகைக்கடையும் முன்வரிசையில் நிற்கும்; அவற்றின் நிழலில் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் பழமும் கடல்மீனும் விலை பேசப்படும். குழித்துறை நகராட்சியில் அடங்கிய அவ்வூருக்கு முதியோர் வழங்கும் பெயர் தொடுவெட்டி. மலையடிவாரத்து ஊரும் கடற்கரை ஊரும் கொள்ளவும் கொடுக்கவும் கூடும் இடம் அது.

2018ஆம் ஆண்டில் அவ்வூரின் தலைக்கு மேலே, இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில், இரும்பால் ஆன மேம்பாலம் திறக்கப்பட்டது. வேண்டிய பாலந்தான், மறுப்பார் இல்லை. ஆனால் பாலம் யாருக்கு? அவ்வூரைக் கடந்து போகிறவனுக்கு! அவ்வூருக்கே வருகிறவனுக்கு, கூடையைத் தலையில் சுமந்து வருகிற தாய்க்கு, குழந்தையின் கையைப் பிடித்துத் துணி எடுக்க வருகிற தொழிலாளிக்கு, பாலத்தின் கீழே இருக்கும் தெருவன்றோ வேண்டும்? மேலே போகிறவனுக்கு வழி செய்தோம். கீழே நிற்கிறவனுக்கு என்ன செய்யப் போகிறோம்?

கடைத்தெருவைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் முதலில் பேசப்படுவது மூன்று: வண்ணக்கல் பதிப்பது, வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவது, நடைபாதைக் கடைகளை அகற்றுவது. முதலிரண்டுக்கும் ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மூன்றாவதற்கு? விடியற்காலையில் ஒரு லாரியும் நான்கு காவலரும் போதும். தெரு துப்புரவாயிற்று என்பர். துடைக்கப்பட்டது குப்பையா, ஒரு குடும்பத்தின் சோறா என்று கேட்பவர் யார்?

நாம் கேட்க வேண்டும், தோழனே! கேட்கும் உரிமை இந்த மண்ணுக்கு உண்டு. தெருவையும் சந்தையையும் இந்த மாவட்டம் எளிதாகப் பெற்றுவிடவில்லை. 1858, 1859 ஆண்டுகளில் தோள்சீலை அணிந்த பெண்கள் சந்தைகளிலே தாக்கப்பட்டனர்; அவர்தம் ஆடை கிழித்தெறியப்பட்டது. 1859 ஜூலையில் அரசர் அனுமதி அளித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது! சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்கே 1926இலும் 1930இலும் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் எனக் கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு வந்தது. அந்தத் தெருவிலா, ஏழை நிற்க இடமில்லை என்று ஓர் உத்தரவு வருவது?

சாதியின் பெயரால் விலக்கியது பழைய காலம். அழகின் பெயரால், நாற்றத்தின் பெயரால் விலக்குவது புதிய காலம். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சரே கண்டித்தார்; ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை வந்தது, மனப்பான்மை போயிற்றா?

நான் உணர்ச்சியை மட்டும் சொல்லவில்லை; சட்டத்தையும் சொல்கிறேன். தெருவோரத்தில் வாணிபம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழிலுரிமையுள் அடங்கும், நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அதனினும் தெளிவானது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரையில் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். ஐம்பதாண்டுக்கு மேல் இயல்பாக நடந்துவரும் தெருச் சந்தை பாரம்பரியச் சந்தை. அங்குள்ளோரை இடம் மாற்றவே கூடாது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதைத் தெருவுக்கு இறக்கி வருவது நம் வேலை.

“வாடகையும் வரியும் கட்டுகிற எங்கள் வாசலை மறைக்கிறார்களே” என்பார் கடைக்காரர். அவர் நமக்குப் பகைவர் அல்லர். அவர் குறையும் குறைதான். அவருக்கு விடை சொல்ல, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனைக் காட்டலாம். 1962இல் அங்கே பெரிய கடைவீதியில் வண்டிகளை நிறுத்தி, நடப்போருக்கே தெருவை விட்டபோது, வாணிபம் செத்துவிடும் என்று வணிகர் அஞ்சினர். வாணிபம் வளர்ந்தது! காரணம் எளிது: வண்டியில் விரைகிறவன் கடையைக் கடக்கிறான், நடக்கிறவன் நின்று பார்க்கிறான், நின்றவன் வாங்குகிறான். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் 2019இல் அகன்ற நடைபாதை வந்தது. மக்கள் மகிழ்ந்து நடக்கின்றனர். ஆனால் அங்கிருந்த நடைபாதை வணிகர் அதற்கு முன்னரே, 2013இல், ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டனர். நடைபாதையைப் பார்த்துக் கற்போம். அந்த விடுபாட்டையும் பார்த்துக் கற்போம்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? கல் பதிக்குமுன் கால்வாய் வெட்டு. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் மறு மழை என இருமுறை நனையும் மாவட்டம் இது; வடிகால் இல்லாத வண்ணக்கல் முதல் மழையிலேயே பல்லிளிக்கும். நடப்பதற்குத் தடையற்ற ஆறடி, அதாவது சாலை விதிமுறை கூறும் 1.8 மீட்டர், எங்கும் விடுபட வேண்டும். அதைக் கூடைக்காரியும் மறிக்கலாகாது, பெருங்கடையின் படிக்கட்டும் மறிக்கலாகாது. அந்த ஆறடிக்கு அப்பால் வியாபாரிக்குக் கோடு போட்ட இடம், நிழல், குடிநீர். காலை முதல் மாலை வரை அங்கே அமரும் பெண்களுக்குக் கழிப்பிடம். இது இல்லாத சீர்திருத்தம் முகத்துக்கு மாவு பூசுவதே.

தோழனே! உன் வட்டாரத்துக் கடைத்தெருவுக்கு வரைபடம் வருமுன் நீ போ. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். எத்தனை பேர் அமர்ந்து விற்கிறார்கள், எத்தனை ஆண்டாக விற்கிறார்கள், எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே முதியவர் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்று எழுது. அந்தக் கணக்கோடு நகராட்சிக்குச் செல். விற்பனைக் குழு கூடியதா என்று கேள். கடைக்காரரையும் கூடைக்காரியையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசவை.

தெரு அழகாகட்டும், நாம் அதற்கு எதிரியல்ல. ஆனால் அந்த அழகைக் காண, நேற்றுவரை அங்கே இருந்தவளும் நாளை அங்கே இருக்க வேண்டும்.