கஞ்சா வாரியத்துக்கு லோகோ எதுக்கு? கனடா செலவழித்த மூன்றேகால் கோடியும் ஓசூர் எல்லையில் எழும் கேள்வியும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு. தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடி வழியாக வந்துபோகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாநில எல்லை என்பது ஒரு சோதனைச்சாவடி, கொஞ்சம் டிராஃபிக், அவ்வளவுதான். ஆனால், பையில் இருக்கும் ஒரு சின்ன பாட்டில் அந்த எல்லையைத் தாண்டும்போது என்ன ஆகும்? பாட்டிலில் பச்சை இலை படம், 'ஹெம்ப்' என்ற எழுத்து. ஆன்லைனில் வாங்கியது, பில்லும் இருக்கு. இது சட்டப்படி சரியா, தப்பா?

இதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்னை. இந்தப் பிரச்னையைத் தீர்க்கத்தான் சில நாடுகள் கஞ்சாவுக்கென்று தனி அரசு அமைப்பை உருவாக்கி, அதற்குப் பெயர், லோகோ, முத்திரை என்று செலவழிக்கின்றன. 'போதைப்பொருளுக்கு அரசே விளம்பர ஏஜென்சி வைக்குதா?' என்ற கோபமும் கூடவே வருகிறது. அந்தக் கோபம் எவ்வளவு நியாயம்?

கனடாவில் என்ன நடந்தது?

கனடாவில் அக்டோபர் 17, 2018 முதல் பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டபூர்வமானது. ஸ்கார்பரோ, மார்க்கம் என ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோ மாகாணம், அதற்கு முந்தைய ஆண்டே கஞ்சா விற்பனைக்காக ஓர் அரசு நிறுவனத்தை உருவாக்கச் சட்டம் போட்டது. மதுபானம் விற்கும் மாகாண அரசு நிறுவனத்தின் கீழ் அது தொடங்கப்பட்டது. கிட்டத்தட்ட நம்ம ஊர் டாஸ்மாக் மாடல்.

2018 மார்ச்சில் அதன் பெயரும் லோகோவும் வெளியாயின. பெயர், 'ஒன்ராறியோ கன்னபிஸ் ஸ்டோர்', சுருக்கமாக ஓ.சி.எஸ். லோகோவில் இலை இல்லை, புகை இல்லை. சாதாரண எழுத்துகள் மட்டும். இந்த பிராண்டிங் வேலைக்காக லியோ பர்னெட் என்ற விளம்பர நிறுவனத்துடன் போடப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 6.5 லட்சம் கனடிய டாலர். அன்றைய கணக்கில் சுமார் மூன்றேகால் கோடி ரூபாய்.

சமூக வலைதளங்களில் செமத்தியாகக் கலாய்த்தார்கள். 'இதை நானே பத்து நிமிஷத்தில் போட்டிருப்பேனே' என்ற ரகம்தான் பெரும்பாலும். மக்கள் வரிப்பணம் வீண் என்று அரசியல் எதிர்ப்பும் வந்தது.

அடுத்த சில மாதங்களில் ஆட்சி மாறியது. அரசே நேரடியாகக் கடை திறக்கும் திட்டத்தைப் புதிய அரசு கைவிட்டது. கடைகள் தனியாருக்குப் போயின. ஓ.சி.எஸ். ஆன்லைன் விற்பனையையும் மொத்த விற்பனையையும் மட்டும் வைத்துக்கொண்டது. அதாவது, தெருத்தெருவாகத் தொங்கவேண்டிய அந்தப் பெயர்ப்பலகை தெருவுக்கே வரவில்லை.

அப்போ அந்தக் காசு வேஸ்ட்டா?

பாதி ஆமாம், பாதி இல்லை.

லோகோ 'போர்' அடித்ததைக் குறையாகச் சொன்னார்கள். ஆனால், அரசு அமைப்புக்கு அதுதான் சரி. கனடாவின் கஞ்சா சட்டம், இளைஞர்களைக் கவரும் விளம்பரத்தையும், 'இதுதான் ஜாலியான வாழ்க்கை' என்ற தோரணையில் விற்பதையும் தடை செய்கிறது. பாக்கெட்டில்கூட ஒரே நிறம், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வாசகம், போதை தரும் வேதிப்பொருளான டி.ஹெச்.சி. இருந்தால் சிவப்பு எண்கோணக் குறி. கம்பெனிகளுக்கு இத்தனை கட்டுப்பாடு விதித்துவிட்டு, அரசு மட்டும் பளபளவென்று லோகோ போட்டால் எடுபடுமா?

பிரச்னை வேறு இடத்தில் இருந்தது. டொராண்டோவில் உரிமம் இல்லாத கடைகள், உரிமம் உள்ள கடைகளைவிட அழகான போர்டு, நல்ல இன்டீரியர் என்று கெத்தாக இயங்கின. 2019-இல் ஒரு சட்டவிரோதக் கடைச் சங்கிலியின் வாசலை அடைக்க, நகர நிர்வாகம் கான்கிரீட் கட்டைகளையே கொண்டுவந்து போட்டது. வாடிக்கையாளர் பார்வையில் எது அசல், எது போலி?

இதற்கு விடையாக வந்தது லோகோ அல்ல, முத்திரை. ஒன்ராறியோவில் கடைகளுக்கு உரிமம் தருவது ஓ.சி.எஸ். கிடையாது. மது, சூதாட்டத்தைக் கண்காணிக்கும் ஏ.ஜி.சி.ஓ. என்ற வேறு ஆணையம். அதன் உரிமம் பெற்ற கடை, அதிகாரபூர்வ முத்திரையை வாசலில் ஒட்டியாக வேண்டும். முத்திரை இருந்தால் சட்டப்படியான கடை. இல்லையென்றால் இல்லை. சிம்பிள்.

விற்கும் அமைப்பின் பிராண்ட் 'வாங்க' என்கிறது. கண்காணிக்கும் அமைப்பின் பிராண்ட் 'சோதிச்சுப் பாருங்க' என்கிறது. ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம் இரண்டாவது வேலைக்குப் போனால் அது மக்கள் பாதுகாப்புச் செலவு. முதல் வேலைக்குப் போனால் வெறும் விளம்பரச் செலவு.

டாஸ்மாக் இதில் எங்கே நிற்கிறது?

1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. அதற்கு யாரும் பிராண்ட் ஆலோசகர் வைத்துப் பெரிய பிரசாரம் செய்யவில்லை. ஆனாலும், அந்தப் போர்டைத் தெரியாத தமிழர் இல்லை. ஒரே பெயர், ஒரே மாதிரிப் பலகை, ஊருக்கு ஊர் கடை. அதுவே பிராண்ட் ஆகிவிட்டது. விற்பவரும் அரசு, குடிக்காதே என்று சொல்பவரும் அரசு. இந்த முரண் இருபது வருடங்களுக்கு மேலாக விவாதத்தில் இருக்கிறது. கஞ்சாவுக்கு அமைப்பு உருவாக்கும் எந்த அரசும் முதலில் பார்க்கவேண்டிய பாடம் இது.

அமைப்பே இல்லாமல் கதவைத் திறந்தால்?

அதற்கு உதாரணம் தாய்லாந்து. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். முழுமையான ஒழுங்குமுறைச் சட்டம் கூடவே வரவில்லை. விளைவு, சுற்றுலா இடங்களில் திரும்பிய பக்கமெல்லாம் பச்சை இலை நியான் போர்டு. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று அரசு பின்வாங்கியது. அரசு ஒரு முகத்தைக் காட்டாத இடத்தில், இலைப் படமே முகமாகிவிட்டது.

இந்தியாவில் இப்போது என்ன நிலை?

கஞ்சாவுக்கென்று தனி ஒழுங்குமுறை ஆணையம் இந்தியாவில் இல்லை. அதிகாரம் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பூ மற்றும் காய்க்கும் நுனிப் பகுதியைத்தான் 'கஞ்சா' என்கிறது. நுனியுடன் சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதிக்க வழிவிடுகிறது. இந்த வழியில்தான் உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்தது. ஹிமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்கள் மூலம் சோதனை ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது.

உணவு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை 2021 நவம்பரில் உணவாக அங்கீகரித்தது. இலையிலிருந்து எடுக்கும் ஆயுர்வேத மருந்து என்றால் மாநில ஆயுஷ் உரிமம். அதை மருத்துவ மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். பறிமுதல் என்றால் போலீஸ். ஒரு பாட்டிலுக்குப் பின்னால் இத்தனை அலுவலகங்கள். வாங்குபவருக்கு இதில் எது தெரியும்?

ஓசூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு.

ஒன்று, பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. கோரமங்களாவில் 2020-லேயே கஞ்சா சார்ந்த ஆயுர்வேத மருந்துகளுக்கான கிளினிக் திறக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில், 29 கிலோ பாங்கு பிடிபட்ட வழக்கில் ஜாமீன் கொடுத்த கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு அந்த மத்தியச் சட்டத்தின் தடைக்குள் வராது என்று சொன்னது. 'பாங்கு லீகல் ஆயிடுச்சு' என்று ஃபார்வர்டு பறந்தது. ஆனால் அது ஒரு ஜாமீன் உத்தரவு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வட மாநிலங்கள் சிலவற்றில் இருப்பதுபோல் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடைகளும் இங்கே இல்லை.

இரண்டு, பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் ஹெம்ப், கன்னபிஸ், மரிஜுவானா என்று மூன்று சொற்கள், மூன்று தோரணைகள். தமிழில் ஒரே சொல்தான், கஞ்சா. கேட்டவுடன் போலீஸ் ஞாபகம் வரும் சொல். 'ஹெம்ப்' என்பதைச் சிலர் 'சணல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால், நமக்குச் சணல் என்றால் சாக்குப் பை. கிருஷ்ணகிரி விவசாயிக்கு 'சணப்பு' என்றால் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து மடக்கி உழும் பயிர். அதற்கு ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று பெயர். கஞ்சாவுக்கும் அதற்கும் தாவர உறவே இல்லை. நாளை யாராவது 'பசுமைக்குடிலில் ஹெம்ப் போடுங்க, லாபம் கொட்டும்' என்று ரோஜா விவசாயிகளிடம் வந்தால், எந்த ஹெம்ப் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும். உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை.

மூன்று, மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் ஓசூர். சிப்காட் ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அழகாக இருக்கும் ஒரு லோகோவால் இங்கே யாருக்கும் பயனில்லை.

மாட்டினால் என்ன ஆகும்?

கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு. அதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தபட்சம் 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20. ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சட்டத்தின் 35-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. 'எனக்குத் தெரியாது, லேபிளைப் பார்த்து நம்பினேன்' என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவருக்கு வழக்கு, ஆய்வக அறிக்கைக்கான காத்திருப்பு, போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்கல் என்று வாழ்க்கையே தடம் மாறிவிடும். ஒரு லேபிளைப் படிக்க முடியாததன் விலை இவ்வளவு.

அப்போ ஆலோசகர் வேணுமா, வேண்டாமா?

நாளை இந்தியாவிலோ ஏதாவது ஒரு மாநிலத்திலோ இப்படி ஓர் ஆணையம் வந்தால், டெண்டர் அறிவிப்பைப் பார்க்கும்போது கேட்கவேண்டியவை மூன்று.

முதலாவது, வெற்றியை எதை வைத்து அளப்பார்கள்? விற்பனை கூடியதை வைத்தா, அல்லது அசலையும் போலியையும் மக்கள் பிரித்துச் சொல்வதை வைத்தா? இரண்டாவது, அந்த ஆலோசகருக்குக் கஞ்சா கம்பெனிகளும் வாடிக்கையாளர்களா? காலையில் ஆணையத்துக்கு எச்சரிக்கை வாசகம், மாலையில் கம்பெனிக்கு விளம்பரம் என்றால் அது வேலைக்காகாது. மூன்றாவது, முத்திரையைச் சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரிடம் காட்டிப் பார்த்தார்களா? அவருக்குப் புரியாத முத்திரை, பையில் வைத்திருப்பவரைக் காப்பாற்றாது.

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், மூன்றேகால் கோடி பெரிய தொகை இல்லை. பதில் இல்லையென்றால், மூன்றேகால் ரூபாயும் அதிகம்.

அதுவரை என்ன செய்வது?

இலை படத்தையும் 'லீகல்' என்ற வார்த்தையையும் நம்ப வேண்டாம். அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உணவுப்பொருள் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா, அது விதையிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், மருத்துவர் சீட்டு, பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். நண்பர் கொடுத்தனுப்பும் பாட்டில், பார்சல் எதுவாக இருந்தாலும், உள்ளே என்ன என்று தெரியாமல் ஜூஜூவாடியைத் தாண்டாதீர்கள்.