செருப்பைப் பார்த்து எடை போட்டோம்

கும்மிடிப்பூண்டி பஜாரிலும் திருவள்ளூரிலும் கவுன்ட்டரில் நின்று பொருள் விற்கிற நாங்கள், கடைக்கு வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரால் எவ்வளவுக்கு வாங்க முடியும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். செருப்பைப் பார்க்கிறோம், சட்டையைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் எங்கள் காதில் ஏறுவதில்லை.

சிப்காட் தொழிற்பேட்டை இரும்பு ஆலையில் ஷிப்ட் முடித்த ஒருவர் செல்போன் கடைக்கு வருகிறார். ஊர் ஒடிசாவோ பீகாரோ. சட்டைக் கையில் நெருப்புப் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். கண்ணாடிக்குள் இருக்கிற ஒரு போனை விரல் நீட்டிக் காட்டுகிறார். நாங்கள் அதை எடுப்பதில்லை. கீழ் வரிசையில் இருக்கிற விலை குறைந்த மாடலை எடுத்து வைக்கிறோம். அவர் மறுபடியும் மேலே காட்டினால், போனின் ஒரு முனையை இறுகப் பிடித்துக்கொண்டே நீட்டுகிறோம். கார் சாவியோடு வருகிறவருக்கு அதே போனைக் கையிலேயே கொடுத்து, "உட்காருங்க சார், டீ சொல்லட்டுமா" என்கிறோம். தவணையில் கேட்டால் இன்னும் மோசம். சம்பளம் வங்கியில் ஏறுகிறதா, முகவரிச் சான்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் "லோன் கிடைக்காது" என்று அனுப்பிவிடுகிறோம். ஃபைனான்ஸ்காரர் சொல்ல வேண்டிய பதில் அது.

நகைக்கடையிலும் இப்படித்தான். இருளர் பழங்குடிப் பெண்கள் கொலுசு பார்க்க வந்தால் பக்கத்தில் ஓர் ஆள் போய் நிற்பார். உதவிக்கு அல்ல, காவலுக்கு. அது அவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டோம். புரிந்ததால்தான் சிலர் படியேறாமல் வாசலிலேயே விலை கேட்கிறார்கள்.

2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டரில், 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர் உள்ளே விட மறுத்த வீடியோவை நாங்களும் பார்த்தோம். நிர்வாகம் வயது வரம்பைக் காரணமாகச் சொன்னது. பிறகு உள்ளே விட்டார்கள். நாங்கள் கொதித்தோம், எல்லோருக்கும் அனுப்பினோம். கவுன்ட்டரில் தினமும் நாம் செய்வதும் இதுதானே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு கர்நாடகத்துத் துமகூருவில், வண்டி ஷோரூமில் அவமானப்பட்ட விவசாயி பத்து லட்சம் ரூபாயோடு திரும்பி வந்த செய்தியை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறோம். அவரிடம் அந்தப் பணம் இல்லாதிருந்தால் அவமானம் நியாயமாகிவிடுமா?

சாதி, மதம், பிறந்த இடம் பார்த்து யாரையும் கடைக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. நாங்கள் தடுப்பதில்லை. உள்ளே விட்டு, அவராகவே வெளியேறும்படி நடந்துகொள்கிறோம்.

டார்கெட், இன்சென்டிவ் என்று காரணம் சொல்லலாம். ஆனால் சிப்காட்டில் சம்பளம் போடுகிற வாரத்தில்தான் எங்கள் டார்கெட்டே நிரம்புகிறது. புதிதாகச் சேரும் பையனுக்குப் பொருளைப் பற்றிச் சொல்லித்தருவதற்கு முன்பே, யார் வாங்குகிற பார்ட்டி, யார் சும்மா பார்க்க வந்தவர் என்று கண்ஜாடையில் கற்றுக்கொடுத்தோம். எங்களுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அது தப்பு என்று அந்தப் பையனிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.