படைஞன் சுமக்கும் பொதி

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையின்போது, இலண்டன் மாநகரிலே எமது தமக்கையாரின் இல்லத்திற் சில வாரம் தங்கியிருந்தோம். அவருடைய இளைய மகன் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். வாரத்தில் ஐந்து நாள் கணக்காய்வு நிறுவனமொன்றிற் கடமை புரிகின்றான். வார இறுதிகள் சிலவற்றிலே பிரித்தானிய சேமப்படையிற் பயிற்சி பெறுகின்றான். படை என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் உள்ளத்தில் எழும் நினைவுகள் பல. அவற்றைக் கிளறுதல் இன்றைய நோக்கமன்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவ்வீட்டுக் கூடத்திலே தாய்க்கும் மகனுக்கும் இடையே நிகழ்ந்த சிறு வழக்கொன்றினையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

மருமகன் அன்றிரவு வேல்சு நாட்டிலுள்ள செனிபிரிட்ஜ் என்னும் பயிற்சிக் களத்துக்குப் புறப்பட இருந்தான். மழைக்கும் காற்றுக்கும் பேர்போன மேட்டுநிலம் அது. இரண்டு இரவுகள் திறந்த வெளியிலே தங்கல் வேண்டும். கூடத்தின் நடுவே அவனுடைய பெரிய முதுகுப்பை வாய் திறந்து கிடந்தது. தமக்கையார் கம்பளிச் சட்டை இரண்டு, தடித்த துவாய் ஒன்று, சித்தாலேபைச் சிமிழ், எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல், முறுக்குப் பொதி என ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். மகனோ அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

“அம்மா, இவற்றை மலையிலே சுமப்பவன் நான்” என்றான் அவன்.

“தம்பி, நீ பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவன். நீயே சொல்லு” என்று தமக்கையார் தீர்ப்பை எம்மிடம் விட்டார்.

சரித்திரத்தைக் கேட்டால் அது மகன் பக்கமே நிற்கும் என்பதை அவர் அறியார். படைஞனின் முதுகிலே பாரத்தை ஏற்றுவது பழைய வழக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் தளபதி மாரியஸ், படையின் பின்னே செல்லும் பொதி விலங்குகளைக் குறைக்கும் பொருட்டு, வீரர் தத்தம் உணவையும் கருவிகளையும் தாமே சுமக்குமாறு செய்தார். கவர்க்கம்பிலே மூட்டையைக் கட்டித் தோளில் வைத்து நடந்த அவ்வீரரை ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்று மக்கள் எள்ளினர். 1916 ஜூலை 1ஆந் திகதி சொம் நதிப் போர்க்களத்திலே முதலில் முன்னேறிய பிரித்தானியப் படைஞன் ஒருவன் சுமார் 66 இறாத்தல், அதாவது 30 கிலோகிராம் பாரத்துடன் எதிரியின் துப்பாக்கிகளை நோக்கி நடந்தான். 1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கரையிறக்கத்தின்போது, படகிலிருந்து ஆழ நீரில் இறங்கிய அமெரிக்க வீரர் பலர், பகைவரின் குண்டினாலன்றித் தம் முதுகின் பாரத்தினாலேயே மூழ்கி மாண்டனர்.

இக்கொடுமையை ஆராய்ந்த எஸ். எல். ஏ. மார்ஷல் என்னும் அமெரிக்கர், படைஞனின் சுமை பற்றி 1950இல் ஒரு நூல் வெளியிட்டார். போரிலே எத்தனை வீரர் உண்மையிற் சுட்டனர் என்பது பற்றி அவர் வேறோரிடத்துக் கூறிய கணக்குகள் பின்னாளில் ஐயத்துக்குள்ளாயின. ஆயினும் சுமை பற்றிய அவரது வாதம் படைத்துறையினரால் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அச்சமும் களைப்பும் ஒன்றையொன்று வளர்ப்பன. பாரத்தாற் களைத்தவன் எளிதில் அஞ்சுவான். அஞ்சுபவன் விரைவிற் களைப்பான் என்பது அவர் கண்ட முடிபு. அப்பாரம் எவ்வாறு சேர்கின்றது? ‘ஒருவேளை தேவைப்பட்டால்?’ என்று மேலிடத்தில் இருப்போர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளைச் சேர்ப்பதனாலேயே சேர்கின்றது. இதனை நாம் எடுத்துரைத்தபோது தமக்கையார் கையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலை ஒரு கணம் நோக்கினார். பின்னர் அதனை மேசைமீது வைத்தார்.

மருமகன் வென்றுவிட்டதாக எண்ணி நகைத்தான். ஆயின் அவனையும் நாம் விடவில்லை. “நீயாக எடுத்து வைத்தவை எவை? காட்டு” என்றோம். படையினர் வழங்கும் துப்பாக்கி, உறங்கும் பை, உணவுப் பொதி ஆகியன பற்றி எமக்குக் கவலையில்லை. அவன் தன் பணத்தில் வாங்கிச் சேர்த்தவற்றைக் காணவே விரும்பினோம். பட்டியலில் இல்லாதவற்றிலேதான் பட்டறிவு தெரியும் அன்றோ?

முதலில் அவன் எடுத்தவை மூன்று இணைக் காலுறைகள். ஒவ்வோர் இணையும் வாய் மூடத்தக்க சிறு பொலித்தீன் பையினுள்ளே தனித்தனியாக இருந்தது. முதுகுப்பை முழுவதற்கும் உட்புறத்திலே நீர் புகாத உறையொன்று உண்டு. அவ்வாறிருக்கவும், காலுறைக்கு மட்டும் இரட்டைக் காவல்.

அக்காவலின் காரணத்தை அறிய முதலாம் உலகப் போருக்குச் செல்ல வேண்டும். 1914ஆம் ஆண்டின் மாரியிலே பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் பதுங்கு குழிகளில், குளிர்ந்த சேற்று நீரிலே நாட்கணக்காக நின்ற பிரித்தானிய வீரருள் ஏறத்தாழ 20,000 பேர் ‘அகழிப் பாதம்’ என்னும் நோயினால் வீழ்ந்தனர். எமது வயல்களிலே உழைப்போர் அறிந்த சேற்றுப்புண் வேறு, இது வேறு. சேற்றுப்புண் பூஞ்சணத்தினால் விரலிடுக்கிலே வருவது. அகழிப் பாதமோ உறைபனியே இல்லாத குளிரிலும் வரும். ஈரமும் குளிரும் நீடிக்கப் பாதத்தின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், கால் முதலில் மரத்துப்போகும், பின்னர் வீங்கும், தசை இறந்து அழுகினால் விரலையோ பாதத்தையோ வெட்டி நீக்குதலன்றி வேறு வழி இராது. இறுக்கமான சப்பாத்தும், காலைச் சுற்றிக் கட்டிய துணிப்பட்டியும் அதனைப் பின்னும் மோசமாக்கின. (அத்துணிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரும் இந்தி மொழியின் ‘பட்டி’ என்ற சொல்லேயாகும்.)

மருந்தினாலன்றி ஒழுங்கினாலேயே அந்நோய் அடக்கப்பட்டது. காலுறையை நாள்தோறும் மாற்றல் வேண்டும். பாதத்தைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் பூசல் வேண்டும். வீரர் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் தேய்த்துவிட்டனர். அதிகாரி குனிந்து தம் வீரரின் கால்களைப் பார்வையிடல் கடமையாயிற்று. வீடுகளிலே தாய்மாரும் தமக்கைமாரும் காலுறை பின்னி அனுப்பினர். காலுறையின் விரல் முனையைத் தழும்பின்றி மூடும் பின்னல் முறையொன்று இன்றளவும் கிச்சனர் பிரபுவின் பெயரால் வழங்குகின்றது. பாடம் கற்றாயிற்று என்று எண்ணியிருந்த பிரித்தானியப் படை, 1982இல் போக்லாந்துத் தீவுகளிலே ஈரம் புகும் சப்பாத்துகளுடன் இறங்கி அதே நோயை மீண்டும் கண்டது. உருசியரோ நெடுங்காலம் காலுறையே அணிந்திலர். சதுரத் துணியொன்றைப் பாதத்திற் சுற்றிக்கொள்வர். ஒரு புறம் நனைந்தால் மறுபுறம் திருப்பிச் சுற்றலாம், விரைவில் உலரும், எவர் காலுக்கும் பொருந்தும். எமக்கு அதிலே குறை தோன்றவில்லை. எனினும் 2013இல் அப்படையும் காலுறைக்கு மாறிற்று.

இரவிலே செய்வதை மருமகன் விளக்கினான். நனைந்த உடுப்பைக் களைந்து, பாதத்தைத் துடைத்துத் தூள் தூவி, உலர்ந்த உடுப்பும் காலுறையும் அணிந்து உறங்கும் பையினுட் புகவேண்டும். விடியுமுன் அவ்வுலர்ந்த உடுப்பை மீண்டும் பொதிந்து வைத்துவிட்டு, குளிர்ந்து ஈரமாய்க் கிடக்கும் பழைய உடுப்பையே அணிதல் வேண்டும். உலர்ந்ததையே அணிந்து புறப்பட்டால் அன்றிரவுக்கு உலர்ந்தது ஒன்றும் இராது. இதனைக் கேட்ட தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தின் பின், “ஒவ்வொரு நாளுமா?” என்று மட்டும் கேட்டார்.

ஏனையவற்றை விரைந்து கூறுவோம். ஒரு கரண்டி; முள்ளும் கத்தியும் இல்லை. நெற்றியிற் கட்டும் மின்விளக்கு. இருளுக்குப் பழகிய கண் கெடாதிருக்கச் செவ்வொளி தருவது. பேனா அன்று, பென்சில். மழையில் மை கரையும், கரி கரையாது. துப்பாக்கியைத் துடைக்கப் பழைய பற்தூரிகை. நுனியிலே கொளுக்கியுள்ள இரப்பர்க் கயிறுகள் நான்கு. இவை படங்கினை மரங்களுக்கிடையே விரித்துக் கட்ட உதவுவன. முடிச்சு அவிழ்த்தல் என்பதில்லை; விரல் விறைத்தாலும் ஒரே இழுப்பிற் கழன்றுவிடும். அப்படங்குக் குடிலைப் பிரித்தானியப் படைஞர் ‘பாஷா’ என்பர். மொழியைக் குறிக்கும் வடசொல் அன்று அது. அசாம் நாட்டு மூங்கிற் குடிலின் பெயர்.

சிறு துணிச்சுருளொன்றில் ஊசி, நூல், பொத்தான்கள் இருந்தன. ஆங்கிலேயப் படையில் இதற்கு வழங்கும் பெயர் ‘இல்லாள்’ எனப் பொருள்படும். அதனைக் கேட்டதும் தமக்கையார் முதன்முறையாகச் சிரித்தார். “இல்லாளைத் தேடித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான், பையிலே வைத்திருக்கிறான்” என்றார்.

அவனுடைய மடக்குக் கத்தி சுவிற்சர்லாந்திலே செய்யப்பட்டது. அந்நாட்டுப் படை 1889இல் ஏற்ற புதிய துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி தேவைப்பட்டது. உணவுத் தகரப்பேணியைத் திறக்க வேறொரு கருவி தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே கத்தியில் அடக்கியதே படைஞர் கத்தி. கார்ள் எல்செனர் என்னும் கத்தி வினைஞர் 1897இல் மதுக்குப்பியின் தக்கையை இழுக்கும் திருகினையும் சேர்த்து, அதிகாரிகளுக்கெனப் பாரம் குறைந்த கத்தியொன்றைப் பதிவு செய்தார். படைத்துறை அதனை வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பணத்திலேயே வாங்கினர். தக்கைத் திருகு போருக்குத் தேவையா என்ற வினாவை அவர்களிடம் எவரும் கேட்டிலர் போலும்.

ஈற்றிலே தீர்ப்பு வழங்கினோம். கம்பளிச் சட்டை ஒன்று போகலாம், மற்றையது வேண்டாம். தடித்த துவாய் நனைந்தாற் கல்லாகும், ஆகாது. ஊறுகாயும் சித்தாலேபையும் வீட்டிலேயே இருக்கட்டும். முறுக்குப் பொதி பற்றி நாம் வாய் திறக்குமுன் மருமகனே அதனை எடுத்துப் பக்கப் பையிற் செருகிக்கொண்டான்.

ஞாயிறு இரவு அவன் சேற்றுடன் திரும்பி வந்தான். தமக்கையார் பையைத் தொடவில்லை. அவனை நாற்காலியில் இருத்திக் காலுறையைக் கழற்றுவித்து, விளக்கொளியிலே பாதங்களை விரல் விரலாகப் பார்த்தார். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. புண் எதுவும் இல்லை. காலுறைகளில் ஓர் இணை மட்டும் பொலித்தீன் பையினுள் உலர்ந்தபடியே இருந்தது.

“அம்மா, முறுக்கு முதல் நாளே முடிந்துவிட்டது. அடுத்த முறை இரண்டு பொதி கொண்டுவரும்படி எல்லாரும் கேட்கிறார்கள்” என்றான்.

“பாரம் ஏறுமே?” என்றார் தமக்கையார்.