சும்மா சும்மா கேக்காதீங்க மக்கா!

ஸ்லர்ம் க்ளஸ்டர்ல ஜாப் போட்டுட்டு, நிலவரம் கேக்குற எஸ்க்யூ கமாண்டை ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் லூப்ல ஓட விடுற மகராசன்களே, ஒரு நிமிஷம்!

அந்தக் கேள்வி உங்க ஜாப் ஓடுற நோடுக்குப் போறதில்ல. கன்ட்ரோலருக்குத்தான் போகுது. நோடு ஆயிரம் இருந்தாலும் வேலை பாக்குற கன்ட்ரோலர் ஒண்ணுதான். ஜாபைப் பிரிச்சு அனுப்புறதும் அதுதான், உங்களுக்குப் பதில் சொல்றதும் அதுதான். சமையல்காரரையே பிடிச்சு “சோறு ஆச்சா, சோறு ஆச்சா”ன்னா பந்தி எப்படிய்யா நடக்கும்? லூப்ல கூப்பிடாதீங்கன்னு ஸ்லர்ம் கையேடே எச்சரிக்குது, யார் படிக்கிறா?

முடிஞ்சது தெரியணுமா? ஸ்கிரிப்டுல மெயில்-டைப் ஒரு வரி போதும். அடுத்த ஜாப் தானா கிளம்பணுமா? டிபென்டன்சி குடுங்க. அவசரம் உங்களுக்கு மட்டுமில்ல சாமி, பின்னாடி க்யூல நிக்கிறவனுக்கும் தீசிஸ் கெடு இருக்கு!