கால்சட்டைக் கோயிலில் எங்க கால் எது?

வங்கியில் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம். ஒரு செலானைத் திருப்பிப்போட்டு கோயில் ஒன்றை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கட்டம், அது பீடம். அதிலிருந்து இரண்டு நீளமான கூடங்கள் பிரிந்து, விலகி விலகிப் போகின்றன. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், பேண்ட் தைக்கக் குடுக்கப் போறீங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கோயிலுக்கு வழங்கும் பெயரே கால்சட்டைக் கோயில்தான்.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம். 1872இல் கட்டியது. ஒரு காலில் வெள்ளாளர்கள். இன்னொரு காலில் நாடார்களும் மற்றவர்களும். நடுவில் சுவர். இரண்டு கூடத்தில் இருப்பவர்களுக்கும் பீடம் தெரியும், சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுவது தெரியும். இந்தக் கூடத்துக்காரனுக்கு அந்தக் கூடத்துக்காரன் மூஞ்சி மட்டும் தெரியாது. எந்தக் கொத்தனாரும் தன்போக்கில் இப்படிக் கட்டமாட்டான். நேராக ஒரு கூடம் எழுப்புவது எவ்வளவு சுலபம்! இரண்டு கூடத்தைச் சாய்த்து வைத்து ஒரே புள்ளியில் முட்ட வைக்க வேண்டுமென்றால் அளவு, கோணம், கூரை எல்லாவற்றுக்கும் தனியாக மூளையைக் கசக்கியிருக்க வேண்டும். சாதிக்காக இவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் ஓர் ஆணை போட்டார். உயர்ந்த குலம் தாழ்ந்த குலம் என்று பார்க்காமல் எல்லாரும் ஒரே கோயிலில் பூசை காண வேண்டும், நன்மை வாங்க வேண்டும் என்றது ஆணை. இங்கிருந்த குருக்களும் சாதிக் கிறித்தவர்களும் அதை எப்படி நிறைவேற்றினார்கள் தெரியுமா? ஒரே கோயில்தானே? சரி, கோயிலுக்குள்ளே குட்டைச்சுவர் வைத்துக்கொள்ளலாம். வாசலைத் தனித்தனியாக்கிக்கொள்ளலாம். கூரை ஒன்றுதானே! ஆணையின் எழுத்து பிழைத்தது. புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் வருஷ நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வடக்கன்குளம் அந்த மூளையின் முற்றிய வடிவம்.

சாதி என்பது செங்கல் சுவரோ முள்வேலியோ அல்ல, அது ஒரு மனநிலை, அதனால் இடித்துத் தள்ளிவிட முடியாது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். அதை மறுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் எங்க திருச்சபை அந்த மனநிலையைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியே காட்டிவிட்டது.

1910இல் பங்குக்குரு கௌசானல் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், தங்கள் பாகத்துக்குள் மற்றவர் வரக்கூடாது, வந்தால் தீட்டு. இதுதான் வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறித்தவனுக்குத் தீட்டு ஏது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

திருச்சபைக்காரர்கள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், கௌசானல் செய்தது பெரிய காரியம். எனக்கு இடறுவது வேறொரு சொல். 'நாடார்களும் மற்றவர்களும்' என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். அந்த 'மற்றவர்கள்' யார்? இரண்டு கால் உள்ள கோயிலில் பறையனுக்கும் சக்கிலியனுக்கும் ஒரு கால்கூடச் சொந்தமில்லை. அடுத்தவன் காலில் ஓரமாக ஒண்டிக்கொண்டவர்கள். வெள்ளாளரும் நாடாரும் மோதிக்கொண்ட கதை வழக்காச்சு, தீர்ப்பாச்சு, புத்தகமாச்சு. ஓரத்தில் முழங்காலில் நின்றவன் கதை எந்தக் கோர்ட்டு கட்டிலும் ஏறவில்லை. செலானில் நான் வரைந்த படத்திலும் அவனை எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

கட்டடத்தை விடுங்கள், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு வருவோம். எங்க பங்குக் கோயிலில் சுவர் கிடையாது. (ஊர் பேரைக் கேட்காதீர்கள், அம்மா அங்கேதான் இருக்கிறாள்.) பீடத்துக்கு முன்னால் ஒரு மரக்கிராதி இருந்தது. அதில் முழங்கால் போட்டுத்தான் நன்மை வாங்குவார்கள். மேலத்தெரு முழுக்க வாங்கி முடிக்கிற வரைக்கும் எங்க பாட்டி எழுந்திருக்க மாட்டாளாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கிராதி போச்சு, சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார், தமிழில் பூசை வந்தது. பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் கடைசியாகத்தான் போனாள். கேட்டால் "அதான் பழக்கம்டா" என்பாள். கிராதியைக் கழற்றியவர்கள் அவள் முழங்காலைக் கழற்றவில்லை. அப்புறம் பெஞ்சு வந்தது. முதுகில் 'உபயம்' என்று பெயர் எழுதிய பெஞ்சு. அந்தப் பெயர்களின் மேல் எங்க ஆட்கள் இன்றைக்கும் சாய்ந்து உட்காருவதில்லை. வங்கியில் டோக்கன் நம்பர் பிரகாரம் யாரானாலும் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டும். மிஷின் சாதி கேட்பதில்லை. கோயிலுக்கும் ஒரு டோக்கன் மிஷின் வாங்கிப் போடலாமா என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும்.

எல்லாவற்றையும்விடத் தூம்பா. சவத்தைச் சுமக்கிற அந்த மரப்பெட்டி எங்க பங்கில் இரண்டு. பெரியது, வேலைப்பாடு செய்தது, கறுப்பு வெல்வெட் போட்டது மேலத்தெருவுக்கு. எங்களுக்கு இன்னொன்று. அதில் ஒரு கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருக்கும். அப்பா செத்த அன்றைக்குப் பெரிய தூம்பாவைக் கேட்டேன். "துக்க வீட்டுல எதுக்குப்பா பிரச்சனை, கூட்டத்துல வச்சுப் பேசிக்கலாம்" என்றார் பங்குச்சாமி. பிணத்தை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் காத்திருக்க முடியுமா? கயிற்றைப் பிடித்துத்தான் தூக்கினோம். வலது கையில் இரண்டு நாள் வரி இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்கிற தோழர்கள் எறையூரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. தனிப்பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்களின் வீடுகளை வன்னியக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் செத்தார்கள். எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்க, உயிரைக் கொடுக்கிற அளவுக்கு ஆள் இருக்கிறது.

கால்சட்டைக் கோயில் மாதிரியான கட்டடங்களை இடிக்க வேண்டும் என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடித்தால் அவர்களுக்கு வசதி. அடுத்த தலைமுறையில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். நிற்க வேண்டும். வாசலில் கல்வெட்டு வைக்க வேண்டும்: இன்ன சாதிக்காக இந்தக் கால், இன்ன சாதிக்காக அந்தக் கால், இந்த ஓரத்தில் இவர்கள். 'மற்றவர்கள்' என்று எழுதாமல் பெயரைச் சொல்லி எழுத வேண்டும். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கிய தேவசகாயத்தை 2022இல் புனிதராக்கினார்களே, அப்போது அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை ரோமாபுரி எடுத்துவிட்டது. பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பங்குக்கு ஒரே தூம்பாதான் இருக்க வேண்டும் என்று எங்க தெரு ஆட்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு எட்டு மாதமாகப் பங்குப் பேரவையில் கிடக்கிறது. "எனக்காக யார்கிட்டயும் சண்டைக்குப் போவாதடா" என்கிறாள் அம்மா. நாற்பத்தொன்றில் முதல் கையெழுத்து அவளுடையது.