அருவி அருகே, தூய நீர் எங்கே?

தோழா!

மேலகரம் என்றதும், அங்கே பிறந்து குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயர் நினைவுக்கு வருவார். அருகிலேயே அருவி, ஆங்கே தண்ணீருக்கு என்ன குறை என்பாய்! அருவி கொட்டும், கழிவு கலந்தாலோ அமுதே நஞ்சாகும்! மலை தருவது நீர்; அதைத் தூய நீராக்கித் தெருவுக்குத் தருவது ஆட்சியின் கடன்.

அந்தக் கடனைத் தீர்க்க உலகமே கைகொடுத்ததுண்டு. 1970களில் ஐ.நா. குழந்தைகள் நிதியம் துணைநின்றது, சோலாப்பூர் அடிகுழாயை நம் பொறியாளர் செம்மைப்படுத்தினர், கோவை வட்டாரத்திலே சோதித்தனர், சென்னையிலே உருவாக்கினர். 'இந்தியா மார்க் 2' ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்கும் சென்றது! தாகத்துக்குக் குலமுண்டா, கொடியுண்டா? அசுத்த நீர் பரப்பிய நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்ததென, 2000இலே இந்தியாவுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது.

2010 சூலை 28. தூய குடிநீரும் கழிவகற்றலும் மனித உரிமை என்றது ஐ.நா. பொதுப்பேரவை. 122 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

கை உயர்த்தியது நியூயார்க்கிலே. கணக்குக் கேட்கவேண்டியது உன் தெருவிலே! தொட்டியைக் கழுவினரா? குளோரின் கலந்தனரா? குடிநீர்க் குழாயருகே சாக்கடை கசிகிறதா? வரவேற்பு வளைவு கட்டுமுன் கேள்! ஆள்வது நம்மவரேயாயினும், அஞ்சாது கேள்!